18,000 கி.மீற்றரில் முன் டிஸ்க் போய்விட்டது, ஏஜென்ட் "தேய்மானப் பொருள்" என்கிறார்: டபுள் கெப் பிரேக்கும் வொரண்டியும்

வத்தளை_டபுள்கெப்
2025 ஓகஸ்ட் 4, இரவு 9.40

மார்ச்சில் ஏஜென்டிடம் எடுத்த புது டபுள் கெப் (நாலு கதவு பிக்கப்). இப்போது 18,200 கி.மீ. 80இல் ஓடும்போது பிரேக் பிடித்து 40க்கு இறக்கினால் ஸ்டீரிங் கையில் உதறுகிறது. முன் டிஸ்க் இரண்டிலும் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு வரிப்பள்ளம், இடது பக்கம் மோசம். ஓட்டம் பெரும்பாலும் கொழும்புக்குள். கிழமைக்கு ஒரு தடவை நுவரெலியா, திரும்பும்போது மரக்கறி ஏற்றுவோம்.

ஏஜென்ட் சொல்வது: "டிஸ்க், பேட், கிளச் பிளேட் எல்லாம் தேய்மானப் பொருள், வொரண்டியில் வராது. ஸ்கிம் பண்ணித் தருகிறோம், செலவு உங்களுடையது." ஸ்கிம் என்றால் டிஸ்க் முகத்தை லேத்தில் சீவி மட்டமாக்குவது. புத்தகத்தில் வொரண்டி 3 வருடம் அல்லது 100,000 கி.மீ. என்று இருக்கிறது. சண்டை பிடிப்பதில் பிரயோசனம் உண்டா, காசைக் கட்டிவிட்டுப் போவதா? நாளை மறுநாள் வண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

பேலியகொடை_பிரேக்
ஓகஸ்ட் 4, இரவு 10.15

ஸ்கிம் பண்ண விடாதையுங்கோ. லேத்தில் ஏறின நிமிஷமே உங்கட ஆதாரம் இரும்புத் தூளாகப் போயிடும்.

"தேய்மானப் பொருள்" என்ற சொல் சாதாரணத் தேய்மானத்துக்கு மட்டும்தான் பதில். "டிஸ்க் தேஞ்சு போச்சு, மாத்தித் தாங்கோ" என்று கேட்டால் அந்த வரியைக் காட்டி அனுப்பிப்போடுவினம். கேட்க வேண்டியது, டிஸ்க்கை எது தின்றது என்று. காலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற பாகம்), அது வழுக்குகிற ஸ்லைட் பின், பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், ஹப் (டிஸ்க்கும் சில்லும் பூட்டுகிற நடுப் பாகம்), பெயரிங் எல்லாம் வழமையாகத் தேய்மானப் பட்டியலில் இல்லை. அதில் ஒன்று பிழை என்றால் டிஸ்க் அதன் விளைவு. காரணமான பாகத்தோடு கெட்டுப்போன பாகத்தையும் சேர்த்தே கேட்கலாம்.

விதிவிலக்குப் பக்கத்தை முழுசா வாசியுங்கோ. பேட், டிஸ்க்குக்கு என்று தனியான குறுகிய காலம் எழுதியிருக்கலாம். "பொருள் அல்லது தயாரிப்புக் குறைபாடு தவிர" என்ற மாதிரி ஒரு வரியும் இருக்கலாம். இருந்தால் முழு வழக்கும் அந்த வரியில்தான் நிற்கும்.

பேலியகொடை_பிரேக்
ஓகஸ்ட் 5, காலை 6.20

அளவெடுக்கிற முறை. சில்லை மட்டும் கழற்றுங்கோ, காலிப்பரில் கை வைக்க வேண்டாம். வெளி கராஜில் கழற்றினது என்று அவையள் சொல்ல இடம் வைக்கக் கூடாது.

முதலில் டிஸ்க்கின் நடுத் தொப்பியிலோ விளிம்பிலோ வார்த்திருக்கும் எண்ணைத் தேடுங்கோ. அது ஆகக் குறைந்த தடிப்பு. 28 மி.மீ. டிஸ்க்கில் 26 என்று இருக்கும், வண்டிக்கு வண்டி மாறும். துருவில் மறைஞ்சிருந்தால் கம்பி பிரஷ்ஷால் உரசினால் தெரியும். அதைப் படம் எடுங்கோ.

பிறகு மைக்ரோமீற்றர். 25–50 மி.மீ. அளவு வேணும், 0–25 வாய் டிஸ்க்குக்குள் போகாது. வெளி விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, சமதூரத்தில் எட்டு இடம் சோக்கால் குறித்து, எட்டையும் எழுதுங்கோ. தடிப்பு எண்ணை விட முக்கியம் கூடினதுக்கும் குறைஞ்சதுக்கும் இடையிலான வித்தியாசம். அது 0.02 மி.மீ. தாண்டினாலே ஸ்டீரிங்கில் உதறல் வரலாம்.

மூன்றாவது டயல் கேஜ், டிஸ்க் சுற்றும்போது பக்கவாட்டில் எவ்வளவு ஆடுது என்று பார்க்க. சில்லு நட் ஆறையும் வொஷர் போட்டு, புத்தகத்தில் உள்ள டோர்க் அளவுக்கு இறுக்கித்தான் டிஸ்க்கைச் சுற்ற வேணும். இறுக்காமல் சுற்றினால் டிஸ்க் ஹப்பில் தளர்ந்து நிற்கும், வாசிப்புக்கு மதிப்பில்லை. அதுக்கு முதல் சில்லை மேலும் கீழும் ஆட்டி பெயரிங் லூஸ் இல்லை என்று பாருங்கோ. ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலான வண்டிக்கு நல்லது. உங்கட மொடலின் எல்லை வேர்க்ஷொப் மெனுவலில் இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கோ.

நாலாவது, பேட் தடிப்பு. காலிப்பரின் பார்வைத் துவாரத்தால் உள் பேட், வெளி பேட் இரண்டையும், இரு பக்கமும் எழுதுங்கோ. பின் டிரம்மையும் மறக்க வேண்டாம், அதை வேறாகச் சொல்றன்.

மருதானை_லேத்
ஓகஸ்ட் 5, காலை 11.05

வேனியரால அளந்துட்டு வாறவங்கதான் கூட. அது சரிவராது. பேட் படாத வெளி விளிம்புல ஒரு திட்டு அப்படியே நிக்கும், அதுக்கு மேல துரு. வேனியரோட தாடை அந்தத் திட்டு ரெண்டிலயும் ஏறி உக்காரும். தேஞ்ச இடத்தோட அளவு வராது, புது டிஸ்க்கோட அளவுதான் வரும். 26க்குக் கீழ போன டிஸ்க்கை "27.8 இருக்கு, ஓடலாம்" எண்டு அனுப்புறது இப்படித்தான்.

ஸ்கிம் பத்தி: ஒரு பக்கத்துக்கு 0.3 மி.மீ. எடுத்தாலும் மொத்தம் 0.6 போகுது. புதுசுக்கும் குறைஞ்ச எண்ணுக்கும் இடையில 2 மி.மீ. தான் எண்டா எத்தனை தடவை ஸ்கிம் பண்ணலாம் எண்டு நீங்களே பாருங்க. பண்ணி முடிச்ச பிறகும் அந்த எண்ணுக்கு மேல நிக்கணும், அதோட அடுத்த பேட் செட் தேய்க்கிறதுக்கும் இடம் இருக்கணும். மெல்லிசான டிஸ்க் சூட்டை உள்வாங்காது, மலை இறக்கத்துல வெடிப்பு விடும்.

இன்னொண்டு. வண்டியிலயே வச்சுத் திருப்புற மெஷின் ஹப்போட ஆட்டத்தையும் சேர்த்து எடுத்துடும். கழட்டிக் கொண்டுவந்து கடை லேத்துல புடிக்கிற டிஸ்க், உள் துவாரத் துருவைச் சுத்தம் பண்ணாம புடிச்சா, கோணலாத் திரும்பி வரும். ஸ்கிம் பண்ணி 5,000 கி.மீ.ல திரும்ப உதறுது எண்டு வாறதுல இதுவும் ஒரு காரணம்.

வத்தளை_டபுள்கெப்
ஓகஸ்ட் 5, பிற்பகல் 1.30

மருதானை நானா, ஏஜென்ட் சொல்வது டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது, அது ஓட்டுகிற பிழை என்று. அப்படியும் வருமா?

மருதானை_லேத்
ஓகஸ்ட் 5, பிற்பகல் 2.10

வார்ப்பிரும்பு டிஸ்க் நெளிஞ்சு போறது மிகக் குறைவு. வளைஞ்சிட்டுது எண்டு கொண்டு வாறதை அளந்து பார்த்தா பெரும்பாலும் தடிப்பு வித்தியாசம்தான். டிஸ்க் கொஞ்சம் ஆடினா, பிரேக் பிடிக்காத நேரத்திலயும் ஒரு சுத்துக்கு ஒரு தடவை பேட்ல உரசும். உரசுற இடம் தேயும், இல்லாட்டி பேட்டோட பொருள் அங்க ஒட்டும். சில ஆயிரம் கி.மீ. போனதும் அது கைக்குத் தெரியும். அதனால "டெலிவரி எடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு" எண்டு சொல்றது பதில் இல்ல. ஆட்டம் முதல் நாளே இருந்திருக்கலாம்.

ஹப் முகத்துல 0.02 மி.மீ. துருவோ பெயின்ட்டோ இருந்தா டிஸ்க் வெளி விளிம்புல அது ரெண்டு மடங்கு ஆட்டமாத் தெரியும். சில்லு மாத்தின கடையில எயார் கன்னால அடிச்சு இறுக்கினாலும் அதே கதை. ஒரு நட் கூட, ஒரு நட் குறைய.

வெள்ளவத்தை_கணக்கு
ஓகஸ்ட் 6, காலை 7.45

"ஓட்டுகிற பிழை" என்ற வாதத்தை எண்ணில் பார்த்துவிடலாம்.

2,000 கிலோ வண்டியை 60 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்தினால் பிரேக்கில் போகும் சக்தி ஏறத்தாழ 278 கிலோ ஜூல். 30இலிருந்து நிறுத்தினால் 69 மட்டும். காலி வீதியிலும் பேஸ்லைன் வீதியிலும் நாள் முழுக்க நின்று நின்று ஓடினாலும் டிஸ்க் பெரிதாகச் சூடேறாததற்கு இதுதான் காரணம். நகர நெரிசல் பேட்டைத் தேய்க்கும், டிஸ்க்கை இந்த அளவுக்கு வரி விழ வைக்காது.

இறக்கம் வேறு கணக்கு. அதே வண்டி 100 மீற்றர் உயரம் இறங்க, பிரேக்கை மட்டும் நம்பினால் 1,960 கிலோ ஜூல். அதாவது 60இலிருந்து ஏழு தடவை முழுதாக நிறுத்துவது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒரு டன் மரக்கறி ஏற்றினால் இதை ஒன்றரையால் பெருக்குங்கள். றம்பொடை இறக்கத்தில் இரண்டாம், மூன்றாம் கியரில் எஞ்சின் தாங்க இறங்கினால் இதில் பெரும்பகுதி டிஸ்க்குக்கு வராது. டிரைவில் விட்டு பெடலில் கால் வைத்தபடியே இறங்கினால் எல்லாம் டிஸ்க்குக்குத்தான்.

அதனால் ஏஜென்ட் இறக்கத்தைப் பற்றியும் சுமையைப் பற்றியும் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் சூட்டில் கெட்ட டிஸ்க் அடையாளம் காட்டும்: நீலம் அல்லது ஊதா நிறம், முகத்தில் மயிர்க்கோடு போன்ற வெடிப்புகள், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு சேதம். உங்களுடையது இடது பக்கம் மோசம் என்கிறீர்கள். ஓட்டுநர் ஒரு பெடலைத்தான் மிதிக்கிறார், அது இடது பக்கத்துக்கு மட்டும் போவதில்லை.

கொட்டாஞ்சேனை_4வீல்
ஓகஸ்ட் 6, காலை 9.00

இறக்கத்துக்கு ஹில் டிசென்ட் சுவிட்சைப் போட்டுக்கொண்டால் பிரேக் மிச்சம். அதற்காகத்தானே கொடுத்திருக்கிறார்கள்.

வெள்ளவத்தை_கணக்கு
ஓகஸ்ட் 6, காலை 9.25

இல்லை. ஹில் டிசென்ட், ஏபிஎஸ் பம்ப் வழியாகப் பிரேக்கைப் பிடித்துத்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. சேறு, கல் உள்ள செங்குத்தான குறுகிய இறக்கத்துக்குத்தான் அது. தார் வீதியில் நீண்ட இறக்கத்துக்குக் குறைந்த கியர்தான். ஆட்டோ வண்டியில் மெனுவல் பக்கம் தள்ளி 2 அல்லது 3.

பேலியகொடை_பிரேக்
ஓகஸ்ட் 6, பிற்பகல் 12.40

பின் டிரம் பற்றிச் சொல்றன் என்றேன். இங்க ஓடுகிற டபுள் கெப் பெரும்பாலானதுக்கு முன் டிஸ்க், பின் டிரம். பின் லைனர் இடைவெளி கூடிப்போனால் வண்டியை நிறுத்துகிற வேலை எல்லாம் முன்னுக்கு வந்திடும். பெடல் கொஞ்சம் ஆழமாகப் போகும், அவ்வளவுதான், ஆட்கள் கவனிக்கமாட்டினம்.

டிரம்மில் தானாக அட்ஜஸ்ட் பண்ணுகிற நட்சத்திரச் சில்லு இருக்கு. சில வண்டியில் ஹேண்ட்பிரேக் இழுக்கும்போதுதான் அது ஏறும். ஆட்டோ கியர் வண்டிக்காரர் பார்க்கில் போட்டுவிட்டு இறங்கிவிடுவினம், ஹேண்ட்பிரேக்கைத் தொடுவதே இல்லை. மண்ணும் கபுக் கல் தூசியும் புகுந்தாலும் அந்தச் சில்லு இறுகிப்போகும். ஹேண்ட்பிரேக் எத்தனை கிளிக்கில் பிடிக்க வேணும் என்று புத்தகத்தில் இருக்கும், எண்ணிப் பாருங்கோ. அதை விடக் கூடினால் சேர்விஸ் சென்டரில் டிரம் கழற்றிச் சுத்தம் செய்து அட்ஜஸ்ட் பண்ணினதா என்று ஜொப் கார்ட்டில் (செய்த வேலையை எழுதுகிற தாள்) பாருங்கோ. "பிரேக் செக், ஓகே" என்று டிக் மட்டும் இருந்தால் டிரம் கழற்றினதுக்குச் சாட்சி இல்லை. புது வண்டி, சேர்விஸ் எல்லாம் அவையளிட்டையே என்றால் அது உங்கட பக்கத்துக்கு நல்ல ஆயுதம்.

பின் ஸ்பிரிங்குக்குத் தகடு கூட்டினாலோ வண்டியை உயர்த்தினாலோ, சுமைக்கு ஏற்ப பின் பிரேக்கை மாற்றுகிற வால்வ் உள்ள வண்டியில் அது வண்டி வெறுமை என்று நினைச்சுப் பின்னுக்கு அழுத்தத்தைக் குறைச்சிடும். உங்கட வண்டியில் அப்படி ஏதும் செய்திருந்தால் இப்பவே சொல்லுங்கோ, பிறகு அவையள் கண்டுபிடிக்கக் கூடாது.

வத்தளை_டபுள்கெப்
ஓகஸ்ட் 7, இரவு 8.30

ஒன்றும் மாற்றவில்லை, ரயர் கூட கொம்பனி ரயர். அளவு எடுத்தாகிவிட்டது. டிஸ்க்கில் உள்ள எண் 26.

இடது டிஸ்க்: 26.71 முதல் 26.75 வரை. ஆட்டம் 0.09.
வலது டிஸ்க்: 27.36, 27.37. ஆட்டம் 0.03.
இடது பேட்: வெளி 7.5, உள் 3.
வலது பேட்: வெளி 7, உள் 6.5.

நிறமாற்றம் இல்லை, வெடிப்பு இல்லை.

பேலியகொடை_பிரேக்
ஓகஸ்ட் 7, இரவு 9.05

இந்த நாலு வரியே போதும். வலது பக்கம் ஆரோக்கியம். அதே ஓட்டுநர், அதே இறக்கம், அதே சுமை. இடது உள் பேட் வெளிப் பேட்டில் பாதிக்கும் கீழே.

உங்கட வண்டிக்கு இரண்டு பிஸ்டனும் ஒரே பக்கத்தில் உள்ள, ஸ்லைட் பின்னில் வழுக்குகிற காலிப்பர் என்றால், உள் பேட் மட்டும் தேய்வதுக்கு முதல் சந்தேகம் ஸ்லைட் பின் இறுகினது, அடுத்தது பிஸ்டன் திரும்பாதது. எதிரெதிராக நாலு பிஸ்டன் உள்ள நிலையான காலிப்பரில் ஸ்லைட் பின்னே இல்லை, அங்க பிஸ்டன் பூட் (றப்பர் உறை) கிழிஞ்சு துரு ஏறினதா என்று பார்க்கிறது. ஹைலக்ஸ் 4 வீலில் முன்னுக்கு அந்த வகை. டி-மெக்ஸ், எல்200, ரேஞ்சரில் வழுக்குகிற வகை.

ஏஜென்டின் முன்னால் செய்யச் சொல்ல வேண்டிய பரிசோதனை: வண்டியை உயர்த்தி, பெடலை நல்லா மிதிச்சு விட்டு, சில்லைக் கையால் சுற்றுவது. இறுக்கமாக இருந்தால் பிளீடர் நிப்பிளை (காலிப்பரில் பிரேக் ஒயிலை வெளியே விடுகிற சிறு வாய்) திறக்க வேணும். திறந்ததும் சில்லு விட்டால் அழுத்தம் உள்ளே அடைபட்டிருக்கு. அது உள்ளுக்கு வீங்கின ஹோஸ், அல்லது மாஸ்டர் சிலிண்டர். ஒரு சில்லில் மட்டும் என்றால் ஹோஸ் பக்கம் பாருங்கோ. திறந்தும் விடவில்லை என்றால் ஸ்லைட் பின் அல்லது பிஸ்டன், இயந்திரக் கோளாறு. இது கொஞ்ச நேர வேலை, யாரும் மறுத்துப் பேச ஏலாது.

ஸ்லைட் பின் இறுகியிருந்தால் எந்தக் கிரீஸ் பூசியிருக்கு என்று பாருங்கோ. பிரேக்குக்கான சிலிக்கன் அல்லது சிந்தெடிக் கிரீஸ்தான் போடலாம். சாதாரண செசி கிரீஸ் போட்டால் றப்பர் வீங்கிப் பின்னை இறுக்கும். முதல் சேர்விஸில் அவையளே பூசியிருந்தால் கேள்வி அவையளிட்டைத்தான் திரும்பும்.

மருதானை_லேத்
ஓகஸ்ட் 7, இரவு 9.50

0.09 ஆட்டத்தையும் விடாதீங்க. அவங்க முன்னாலயே டிஸ்க்கைக் கழட்டி, ஹப் முகத்தையும் டிஸ்க் உள் முகத்தையும் சுத்தம் பண்ணி, ஒரு ஸ்டட் (சில்லு நட் பூட்டுற போல்ட்) தள்ளிப் போட்டுத் திரும்ப அளக்கச் சொல்லுங்க. கூடின இடம் டிஸ்க்கோட சேர்ந்து நகர்ந்தா பிழை டிஸ்க்ல. ஹப்போட அதே இடத்துல நிண்டா பிழை ஹப்ல. சுத்தம் பண்ணினதும் போயிட்டா இடையில இருந்த துருவோ தூசியோதான்.

தெஹிவளை_பத்திரம்
ஓகஸ்ட் 8, காலை 6.50

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு மக்னசன்-மொஸ் சட்டம் என்று ஏஜென்டிடம் பேசப் போகாதீர்கள். அது அந்த நாட்டின் 1975 ஆம் ஆண்டுச் சட்டம், இங்கே செல்லாது. இங்கே இருப்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம். அதன் 13 ஆம் பிரிவு, கொடுத்த வொரண்டிக்கு இணங்காத பொருளைப் பற்றியும் முறையிட இடம் தருகிறது. விசாரணைக்குப் பிறகு இழப்பீடு, மாற்றிக் கொடுத்தல், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் என்று அதிகார சபை உத்தரவிடலாம்.

கவனிக்க வேண்டியது: முறைப்பாடு எழுத்தில், விற்பனை அல்லது சேவை நடந்து மூன்று மாதத்துக்குள். மார்ச்சில் எடுத்த வண்டிக்கு விற்பனை நாள் கணக்கு முடிந்துவிட்டது. அதனால்தான் ஜொப் கார்ட் முக்கியம். இந்தக் கிழமை அவர்கள் செய்யும் பரிசோதனை புதிய திகதியோடு ஒரு சேவை, அதை வைத்து வாதாடலாம். இந்தக் கால எல்லையைப் பற்றி அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுவிட்டு எழுதுங்கள். தமிழில் எழுதலாம்.

வாய்ப்பேச்சு வேண்டாம். ஜொப் கார்ட்டில் "டிஸ்க் மாற்ற வேண்டும்" என்று எழுத விடாதீர்கள். "18,200 கி.மீ., 80 முதல் 40 வரை பிரேக்கில் ஸ்டீரிங் உதறல், இடது உள் பேட் 3 மி.மீ., வெளி 7.5 மி.மீ., காரணம் கண்டறியவும்" என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் எந்த வாசகத்தின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்றும் அதிலேயே எழுதுங்கள்.

வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்த பிறகு ஏஜென்ட் அல்லாத இறக்குமதியாளரிடம் எடுத்தவர்களுக்கு: உங்கள் வொரண்டி விற்றவர் எழுதிக் கொடுத்த தாள்தான், உற்பத்தியாளருடையது என்று எண்ண வேண்டாம். தாளில் பிரேக் பற்றி என்ன இருக்கிறது என்று காசு கட்டும் முன் வாசியுங்கள்.

கொட்டாஞ்சேனை_4வீல்
ஓகஸ்ட் 8, காலை 10.20

புதிதாக எடுக்கப் போகிறவர்கள் டெலிவரி அன்றே சில்லு இடைவெளியால் டிஸ்க்கைப் படம் எடுங்கள். கப்பலில் வந்து கடற்காற்றில் முற்றத்தில் மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பேட்டின் வடிவத்திலேயே துரு அச்சு விழுந்திருக்கும். மேலோட்டமான செந்துரு நாலைந்து பிரேக்கில் போய்விடும், கல்கிஸ்ஸைப் பக்கம் கடற்கரையோரம் நிறுத்துகிறவர்களுக்கு அது அன்றாடம். குழி விழுந்த துரு போகாது, பேட்டை அரத்தால் அராவுவதுபோலத் தின்றுவிடும்.

வத்தளை_டபுள்கெப்
ஓகஸ்ட் 13, இரவு 7.15

ஏஜென்டின் வேர்க்ஷொப்பில் நானும் நின்றேன். பிளீடரைத் திறந்தும் இடது சில்லு விடவில்லை. காலிப்பரைக் கழற்றியதும் கீழ் ஸ்லைட் பின் கையால் அசையவில்லை, உள்ளே கிரீஸ் இல்லை, றப்பர் பூட்டின் ஓரம் அதன் இடத்தில் சரியாக அமராமல் தண்ணீர் போயிருக்கிறது. ஹப்பைச் சுத்தம் செய்து டிஸ்க்கை ஒரு ஸ்டட் தள்ளிப் போட்டதும் ஆட்டம் 0.04. எல்லாம் ஜொப் கார்ட்டில் எழுதப்பட்டது. காலிப்பர், இடது டிஸ்க், முன் பேட் செட் வொரண்டியில். வலது டிஸ்க்குக்கு மறுத்துவிட்டார்கள். 27.36 இருக்கும்போது அதற்கு மேல் கேட்கலாமா? பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் நானே ஒன்று வாங்கிப் போடவா?

மருதானை_லேத்
ஓகஸ்ட் 13, இரவு 8.00

வலது டிஸ்க்ல பிழை இல்ல, அப்படியே விடுங்க. வரி இருந்தாலும் தடிப்பு வித்தியாசம் 0.01தான்.

எப்பவாவது வெளியில வாங்கினா பெட்டியைப் பார்க்காதீங்க, டிஸ்க்கைப் பாருங்க. பழசோட பக்கத்துல வச்சு ரெண்டு முகத்துக்கும் நடுவுல காத்துப் போற இடத்துல உள்ள தகடுகளை எண்ணுங்க. போலியில அது குறைஞ்சிருக்கும், முகமும் மெல்லிசு, தராசுல வச்சா தெரியும். குறைஞ்ச தடிப்பு எண் வார்க்காத டிஸ்க்கை வாங்கவே வேணாம். துருத் தடுப்பு எண்ணெயைப் பிரேக் கிளீனரால துடைக்கணும். மண்ணெண்ணெய் போட்டா படலம் நிக்கும், பேட் அதைக் குடிச்சிடும்.

பேலியகொடை_பிரேக்
ஓகஸ்ட் 13, இரவு 8.35

புது பேட் போட்டதும் உடனே மலைக்குப் போகாதையுங்கோ. பாராளுமன்ற வீதி மாதிரி அகலமான இடத்தில் விடியற்காலையில், பின்னுக்கு வாகனம் இல்லாத நேரம், 60இலிருந்து 10 வரை மிதமான அழுத்தத்தில் எட்டுப் பத்துத் தடவை இறக்குங்கோ, இடையில் அரை நிமிஷம் ஓட விட்டு ஆற வையுங்கோ. முழுசா நிறுத்திப் பெடலை மிதிச்சபடி நிற்க வேண்டாம், சூடான பேட் அந்த இடத்தில் அச்சுப் பதிக்கும்.

வலது காலிப்பரின் பின்களையும் கழற்றிக் கிரீஸ் பார்க்கச் சொல்லுங்கோ, அதே தொழிற்சாலைதான் பூட்டினது. பிரேக் ஒயில் டொட் 3 என்றால் புதுசில் கொதிநிலை 205 பாகை, ஈரம் ஏறினால் 140. நுவரெலியா ஓட்டம் உள்ள வண்டிக்கு ஒயில் மாற்ற இரண்டு வருஷத்தைத் தாண்ட விடாதையுங்கோ. அடுத்த சேர்விஸில் இதே எட்டு இடத்தையும் திரும்ப அளந்து அதே ஜொப் கார்ட் கோப்பில் வையுங்கோ. வொரண்டி இன்னும் ஓடுது.